ஆலையும் அடுக்களையும்

தொழில் நிமித்தம் அயல்நாடு செல்வோரில் இருவகையினர் உண்டு. ஆலையைப் பார்த்துவிட்டு, விடுதி அறைக்குத் திரும்பி, கொண்டுபோன ஊறுகாய்ப் புட்டியைத் திறப்பவர் ஒரு வகை. ஆலையையும் பார்த்து, அவ்வூர் மக்கள் உண்ணும் இடத்திலும் சென்று அமர்பவர் மற்றொரு வகை. பின்னவரை ‘நாக்கு ருசிக்கு அலைபவர்’ என்று நாம் நகைப்பதுண்டு. உண்மையில் முழுமையாகக் கற்றுத் திரும்புபவர் அவரே என்பது என் கருத்து.

ஜப்பானியர் இருவரின் பயணங்களே இதற்குச் சான்று. டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ 1956ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆலைகளைக் கண்டார். ஆயினும் அவர் மனத்தைக் கவர்ந்தது, மக்கள் அன்றாடம் உணவுப்பொருள் வாங்கும் சூப்பர் மார்க்கெட். வாடிக்கையாளர் வேண்டியதை வேண்டிய அளவே எடுக்கிறார். குறைந்ததை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். இம்முறையை முன்பே கேள்வியுற்றுத் தம் ஆலையில் சோதித்து வந்த ஓனோ, அதை நேரில் கண்டு தெளிவு பெற்றார். உதிரிப்பாகங்களைத் தேவைக்கு மேல் குவிக்காத ‘கான்பான்’ முறை வளர்ந்தது இவ்வாறே.

மோமோஃபுக்கு ஆண்டோவின் கதை இன்னும் சுவையானது. 1958இல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொணர்ந்த அவர், 1966இல் அதற்குச் சந்தை தேடி அமெரிக்கா போனார். அங்கிருந்த கடைக்காரர்களிடம் ஜப்பானியக் கிண்ணம் இல்லை. அவர்கள் நூடுல்ஸை உடைத்துக் காகிதக் குவளையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் உண்டனர். ‘இவர்களுக்கு உண்ணத் தெரியவில்லையே’ என்று ஆண்டோ முகம் சுளித்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவரோ அக்குவளையையே பாடமாகக் கொண்டார். 1971இல் ‘கப் நூடுல்ஸ்’ பிறந்தது.

‘சைவ உணவினர் என்ன செய்வது?’ என்று நண்பர்கள் கேட்கலாம். எல்லாவற்றையும் உண்ண வேண்டும் என்பதில்லை. ஆண்டோவும் அன்று பிறர் உண்பதைப் பார்த்தே கற்றார். எந்த வேளையில், எவ்வளவு விலையில், எவ்வளவு நேரத்தில் மக்கள் உண்கின்றனர் என்று கவனித்தாலே போதும். அவர்களது வருவாயும் ஓய்வும் பழக்கமும் அதில் தெரியும். ஆலை அதிகாரி காட்டும் இயந்திரங்களில் இவை தெரிவதில்லை.

வணிகவியல் பயிலும் நம்முள் சிலரேனும் நாளை கடல் கடந்து செல்வர். அதற்கான பயிற்சியை அடுத்த தொழிற்சாலைச் சுற்றுலாவிலேயே தொடங்கலாமே! ஆலையைச் சுற்றிப் பார்த்தபின் பேருந்தில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரிக்காமல், தொழிலாளர் உண்ணும் வாயிற்கடைக்கு ஒருமுறை போய்வருவோம்.