பிளக்ஸை இறக்குங்கள், உண்டியலை எடுங்கள்

தோழர்களே!

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரை போய் வாருங்கள். கண்ணீர் அஞ்சலிப் பிளக்ஸ் கண்ணில் படாமல் திரும்ப மாட்டீர்கள். மாலை போட்ட படம், தோற்றம், மறைவு, கீழே வரிசையாக நம் முகங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாளில் அது காற்றில் கிழிந்து தொங்கும். யாராவது அவிழ்த்துப் போய் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொள்வார்கள். அந்த வரைக்கும் அதனால் ஒரு பிரயோசனம்.

பிளக்ஸ் வைத்தவரைக் குறை சொல்லவில்லை. செத்தவர் பெயரைச் சொன்னால் நம் ஊரில் பணம் சேரும், கை கூசாமல் சேரும் என்பதற்கு அதுதான் சாட்சி. வேட்டுக்குச் சேருகிறது, பூப்பல்லக்குக்குச் சேருகிறது, பேப்பர் விளம்பரத்துக்கும் சேருகிறது. அந்தப் பணத்தில்தான் பங்கு கேட்கிறோம். இன்றைக்குச் சாகக் கிடக்கிறவர்களுக்காகக் கேட்கிறோம்.

அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பின்னிங்கில் நம்மோடு ஷிப்ட் பார்த்தவர், தளவாய்புரத்தில் நைட்டி தைத்தவர், மம்சாபுரத்தில் காட்டு வேலைக்குப் போனவர். மதுரைக்கு அலைந்து, கரண்ட் வைத்து, கீமோ ஏற்றி, நகையை அடகு வைத்து, கடைசியில் ‘இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

வாய்ப்புற்று கன்னத்தைத் துளைத்துவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புண் நாறுகிறது. கட்டில் முதலில் திண்ணைக்கு வருகிறது, பிறகு கொல்லைக்குப் போகிறது. பேரப்பிள்ளை கிட்டே வருவதில்லை. அவரும் யாரையும் கிட்டே வரச் சொல்வதில்லை. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் வந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுவார். சில நாளில் நாற்றம் அடங்கிவிடும். விலை உயர்ந்த மருந்தெல்லாம் இல்லை, சாதாரண மெடிக்கலில் கிடைப்பதுதான். கட்டில் மறுபடி வீட்டுக்குள் வரும்.

அந்தக் காஸ் துணியை நெய்கிறவர்கள் யார்? சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும்தானே! நம் தறியில் ஓடிய துணி ஊர் ஊராகப் போய் யார் யார் புண்ணையோ மூடுகிறது. அடுத்த தெருவில் கிடக்கிற நம் ஆளின் புண்ணைக் கழுவிக் கட்ட ஒரு கை இல்லை என்றால் அதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

வலிக்கு மார்பின் இருக்கிறது. சாதாரண மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. முறையாகக் கொடுத்தால் புற்றுநோயின் வலி பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வரும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இதை வைத்துக் கொடுக்கலாம். அபினைச் சட்டப்படி விளைவித்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது. அந்த நாட்டில் ஒருவர் வலியில் கத்திக்கொண்டே சாகிறார். இந்த அநியாயத்தை என்னவென்று சொல்ல!

‘இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நாம் ஏன் துண்டேந்த வேண்டும்?’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இப்படி வலியைத் தணித்துப் புண்ணைக் கட்டிப் பார்த்துக்கொள்ளும் நோய் ஆதரவு சிகிச்சையும் ஒரு பகுதி. அதற்கான நர்ஸ் நம் வட்டாரத்தில் எத்தனை பேர், எத்தனை வீட்டுக்கு வருகிறார்கள், மார்பின் இருப்பில் இருக்கிறதா என்று கேட்டு மனு கொடுப்போம். பதில் வராவிட்டால் வாசலில் உட்காருவோம். ஆனால் இன்று ராத்திரி வலியில் புரளுகிறவருக்கு மனுவின் நகலைக் காட்ட முடியாது.

கேரளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சிறிய அளவில் ஒரு வலி நிவாரண மையத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மலப்புரத்து மக்கள் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கடைக்குக் கடை உண்டியல் வைத்தார்கள், மாணவர்கள் வசூலித்தார்கள், அக்கம்பக்கத்தார் பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போனார்கள். மாநில அரசு இதற்கென்று கொள்கை அறிவித்தது 2008இல். ஜனம் முன்னால் போனது, சர்க்கார் பின்னால் வந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். இத்தனை பக்கத்தில் இருந்தும் நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

நோய் ஆதரவு இயக்கத்தின் பிறப்பே நினைவு நிதிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1948இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி புற்றுநோயில் இறந்தார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தவர், சொந்தம் என்று பக்கத்தில் யாருமில்லை. தன்னைக் கவனித்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்ணுக்கு, சாகிறவர்களுக்காக அவர் கட்ட நினைத்த இல்லத்தில் ஒரு ஜன்னலாகத் தான் இருக்க வேண்டும் என்று 500 பவுண்டு எழுதி வைத்தார். சுவரே இல்லாத வீட்டுக்கு ஜன்னல்! சாண்டர்ஸ் அதன் பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 19 ஆண்டு கழித்து, 1967இல், செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறந்தது. உலகம் முழுக்க இன்றைக்கு நடக்கும் இந்தச் சிகிச்சைக்கு அதுதான் தாய்வீடு. முதல் காசு ஒரு ஓட்டல் தொழிலாளியின் காசு.

நம் ஊருக்கும் கொடுத்துப் பழக்கம் உண்டு. முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது, இன்னும் நிற்கிறது. நெசவு படுத்த காலத்தில் கஞ்சித் தொட்டிக்கு அரிசி கொடுத்த தெருக்கள் நம்முடையவை. ஸ்ட்ரைக் நிதிக்கு உண்டியல் குலுக்கத் தெரிந்த கைகளுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேலை என்னவென்று சொல்கிறேன். தாயோ தகப்பனோ தோழரோ, இறந்த நம்மவர் பெயரில் மாதம் 20 ரூபாய். ஆயிரம் பேர் சேர்ந்தால் மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. நர்ஸுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி, வண்டிக்குப் பெட்ரோல், படுக்கைப்புண் வராமல் இருக்கத் தண்ணீர்ப் படுக்கை, காஸ், கதீட்டர் எல்லாம் இதற்குள்தான். கோடி ரூபாய்க் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. நம் ஆட்கள் வீட்டில்தான் சாக விரும்புகிறார்கள், அங்கேயே போய்ப் பார்ப்போம். காரிய வீட்டில் மொய் எழுதும் மேசையில் இதற்கென்று இரண்டாவது நோட்டு ஒன்று வையுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் வையுங்கள், துக்கத்தில் இருப்பவரை நெருக்கக் கூடாது.

பணத்தை வைத்து நாமே மருத்துவம் பார்க்கப் போவதில்லை. முறையாகப் பதிவு செய்த, பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கிற அமைப்பின் கணக்குக்கே போக வேண்டும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, மாதா மாதம் வரவு செலவு மில் கேட்டிலும் டீக்கடையிலும் ஒட்ட வேண்டும். வரிக்கழிவு கேட்கிற வியாபாரிகளிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், கழிவு கிடைக்காது. கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த ஊரில் யாரும் உண்டியலில் காசு போடமாட்டார்கள்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக நோய் ஆதரவு சிகிச்சை நாள். அதையொட்டித் தீபாவளி போனஸ் வருகிறது. போனஸ் லெவியோடு இதையும் சேர்த்து வாங்க வேண்டுமானால் பேச்சை இந்த வாரமே தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேர், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். வீட்டில் படுத்திருக்கிறவர்களின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். சேத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரை ஒரு வீடும் விடுபடக் கூடாது. தோழர்களே, கிளம்புங்கள்!