அலுமாரிக்குள் இருப்பது குப்பையல்ல

ஒரு பொருளைக் கையில் எடுங்கள். மகிழ்ச்சி தருகிறதா என்று மனதைக் கேளுங்கள். தந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். வீட்டை ஒழுங்குபடுத்த ஜப்பானியரான மரி கொண்டோ சொல்லும் இந்த விதி, 2014இல் ஆங்கில நூலாகவும் 2019இல் நெட்பிளிக்ஸ் தொடராகவும் உலகைச் சுற்றி, இப்போது மட்டக்களப்புச் செங்கலடிக்கும் வந்துவிட்டது. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் லீவில் வரும் பிள்ளைகள் தாயின் அலுமாரியைத் திறந்துபோட்டு, "என்னத்துக்கும்மா இதுகளெல்லாம் வச்சிரிக்கீங்க? போட்டோ எடுத்துப்போட்டு எறிஞ்சி விடுங்க" என்கிறார்கள். இந்த வாதம் பிழையானது. எங்கள் பக்கத்தில் அது ஆபத்தானதும்கூட.

செங்கலடிச் சந்தியிலிருந்து திருகோணமலை வீதியில் சிறிது தூரம் போனால் வந்தாறுமூலை. 1990இல் அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனது. அவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அப்படிப் போன ஒருவனின் சட்டையைத் தாய் மடித்து வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். அதைக் கையில் எடுத்தால் அவளுக்கு மகிழ்ச்சியா வரும்? வயிறு பற்றி எரியும். விதிப்படி அந்தச் சட்டை குப்பைக்குப் போகவேண்டும். ஒரு தாயின் துக்கத்துக்குள் இடமே இல்லாத ஒரு அளவுகோலை எடுத்துவந்து அவள் அலுமாரியை அளப்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

கடதாசிகள் விடயத்தில் கொண்டோ இன்னும் கடுமை. அடிப்படையில் எல்லாவற்றையும் எறிந்துவிடலாம் என்பது அவரது கொள்கை. விதிவிலக்கு மிகக் குறைவு. இதை எழுதியவருக்கு, ஆணைக்குழு மாறி ஆணைக்குழு முன் அதே கதையைச் சொல்ல நேர்ந்த பெண்களைத் தெரியாது. தெரியாதது அவர் குற்றமல்ல. தெரிந்த எங்கள் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வதுதான் குற்றம். காணாமற்போனவர்கள் பற்றி 1994இல் ஜனாதிபதி ஆணைக்குழு, பிறகு வேறு ஆணைக்குழுக்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்பது ஆதாரத்தை: பொலிஸ் முறைப்பாட்டின் துண்டு, செஞ்சிலுவைச் சங்கம் தந்த பதிவு, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரு படம். மஞ்சளாகிக் கிழிந்த அந்தத் துண்டுதான் "இப்படி ஒரு மனிசன் இருந்தான்" என்று அரசாங்கத்தின் முன்னால் நின்று சொல்கிறது.

கடிதம் வந்து சேர்ந்த கணத்திலேயே அதன் வேலை முடிந்தது என்பதும் கொண்டோவின் வாதம். எழுதியவர் அடுத்த கடிதம் எழுதக்கூடிய உலகத்தில் அது சரியாக இருக்கலாம். பூசா தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து ஒருவன் எழுதிய நாலு வரிக்குப் பிறகு வேறு வரியே வரவில்லை என்றால், அந்தக் கடிதத்தின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. கையெழுத்து, திகதி, இன்ன இடத்தில் இருக்கிறேன் என்ற ஒரு சொல், மூன்றும் சாட்சி.

"போட்டோ எடுத்து வைத்தால் போதுமே" என்கிறவர்கள் யாழ்ப்பாணத்துச் செம்மணியை நினைத்துப் பார்க்கவேண்டும். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கே புதைகுழியில் எலும்புகளோடு எடுக்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் சனங்கள் வந்து அடையாளம் காட்டுவதற்காக நீதிமன்ற உத்தரவின்படி பரப்பிவைத்தார்கள். சனம் வந்து குனிந்து குனிந்து பார்த்தது. துணியின் நெய்தல், தைத்த கைத்தையல், மாற்றிப்போட்ட பொத்தான் என்று பார்த்துத்தானே அடையாளம் காணவேண்டும்? அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே துணியில் தைத்த சட்டைகளில் மிஞ்சிய ஒன்றை வீட்டில் வைத்திருப்பவள் அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். போனில் உள்ள படத்தை வைத்து எதை ஒப்பிடுவது?

ஜப்பானை எடுத்துக்காட்டுகிறவர்கள் ஜப்பானை முழுதாகப் பார்க்கட்டும். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, சேற்றுக்குள் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுக்கும்படி மண்டபங்களில் அடுக்கினார்கள். பியூஜிபிலிம் நிறுவனமும் அந்த வேலைக்குக் கைகொடுத்தது. வீடும் வள்ளமும் போன மனிதர்கள் அங்கே தேடியது படத்தைத்தான். எதுவும் இழக்காதவன் எறிவதற்கும் எல்லாம் இழந்தவன் தேடுவதற்கும் நடுவில் எது வழிகாட்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மட்டக்களப்பு 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகளை இழந்தது. 1990இலும் 2006, 2007இலும் ஒரு பையோடு ஓடியது. இந்த அலுமாரிகளில் இருப்பது அந்த ஓட்டங்களிலும் கைவிடப்படாதவை. எதை வைப்பது என்ற தேர்வை அந்தப் பெண்கள் ஷெல் விழும்போதே செய்து முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று: எறியச் சொல்கிறவர் யார்? எங்கள் வழக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. தாய் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ பக்கத்து அறைக்கோ ஒதுங்கிக்கொள்கிறாள். வளவு, வீடு, வெண்கலச் சாமான், வட்டா எல்லாம் கொடுத்த பிறகு அவளுக்கென்று மிஞ்சுவது ஒரு றங்குப் பெட்டி. அதையும் ஒழுங்குபடுத்துகிறோம் என்று அவளைக் கேட்காமல் திறப்பது உதவி அல்ல, அத்துமீறல்.

எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. உடைந்த பிளாஸ்ரிக் கதிரை, எரிந்துபோன மின்விசிறி, வெறும் சீலைப் பெட்டிகள் எல்லாம் போகட்டும். மாரி வெள்ளமும் கறையானும் எங்கள் ஊரில் உண்மையான எதிரிகள்; நெருக்கி அடைத்த பெட்டிக்குள் கடதாசி தானாகவே அழியும். அதனால் லீவில் வந்த பிள்ளைகளுக்கு வேலை நிறைய இருக்கிறது. பைல்களைப் பிரித்துப் பிரதி எடுங்கள். மூலத்தைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் இருங்கள். யார், யாருடைய மகன், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பிளைட்டுக்கு முன் நேரம் போதாவிட்டால் எறிகிற வேலையை விட்டுவிடுங்கள், எழுதுகிற வேலையை முடித்துவிட்டுப் போங்கள்.