செத்தவீடு நடக்காத வீடுகள்

கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தொற்றால் இறந்த பலருக்குச் செத்தவீடு நடக்கவில்லை. திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்க ஆளில்லை, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவும் வழியில்லை. ஆஸ்பத்திரியில் மூடிய பெட்டி அப்படியே எரியூட்டப் போனது. அந்த வீடுகளின் துக்கம் இன்னும் ஆறவில்லை. அதை ஆற்றும் கடமை சுகாதாரத் துறைக்கு இருக்கிறது.

எங்கள் ஊர்களில் மனக்காயத்துக்கான முதல் மருந்தே செத்தவீடுதான். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அயல் சமைத்துக் கொண்டுவரும். எட்டுச் செலவு, கீரிமலையில் அந்தியேட்டி என்று ஒரு மாதம் அந்தக் குடும்பம் தனித்து விடப்படுவதில்லை. அழ இடமும் கேட்க ஆளும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயத்தைத் தனிமனித நோயாக மட்டும் பாராமல் சமூகத்தின் காயமாகப் பார்த்தார். பெருந்தொற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோருக்காகக் காத்திருக்கும் மண்ணில், உடல் இருந்தும் முகம் பார்க்க முடியாமற் போனது சாதாரண இழப்பல்ல.

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. நோய்த் தடுப்பின் தலைமையில் இராணுவத் தளபதி அமர்த்தப்பட்டார். போரைக் கண்டவர்களுக்கு அந்தச் சீருடை தந்த அச்சம் கிருமி தந்த அச்சத்திலும் குறைந்ததல்ல. அரியாலையில் சுவிஸிலிருந்து வந்த போதகர் ஒருவர் நடத்திய ஆராதனையில் தொற்றுப் பரவிய பின், அந்த ஊரின் பெயரே நோயின் பெயர்போல் பேசப்பட்டது. அந்தப் பழியை அரசு சுமத்தவில்லை, நாங்கள்தான் சுமத்தினோம்.

தொற்றால் இறந்தோரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டாலும், 2022 மார்ச் வரை உடல்களைப் பெரும்பாலும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்தாலோ கத்தோலிக்கக் குடும்பத்தாலோ தம்மவரைச் சொந்த ஊர் மண்ணில் அடக்க முடியவில்லை. கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நல்லது, ஆனால் போதாது.

இத்தனை காலம் கழித்து ஏன் கிளற வேண்டும் என்பார்கள். அழாத துக்கம் தலையிடியாகவும், நெஞ்சிறுக்கமாகவும், நித்திரையின்மையாகவும் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும். பனடோல் கொடுத்து அனுப்பினால் அது திரும்பி வரும். ஒவ்வொரு வீட்டையும் அறிந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் இந்த வீடுகளுக்கும் போகட்டும். தேவைப்படுவோரைப் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை வைத்தியசாலை மனநலப் பிரிவுகளோடு இணைக்கட்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் சனசமூக நிலையச் சுவர்களில் எழுதப்படட்டும். கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும், குடும்பங்கள் விரும்பினால், இறந்தோரின் பெயர் சொல்லி நினைவு வழிபாடு நடத்தலாம்.

அடுத்த தொற்று வரும்போது, பாதுகாப்பான தூரத்தில் நின்று முகம் பார்ப்பதும் அவரவர் சமயப்படி வழியனுப்புவதும் உறவினரின் உரிமையாகச் சுகாதார விதிகளில் இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்தை வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் கொண்டுவர வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்கலாம்.