வானத்திலும் வேலி!

பின்லாந்து நாட்டின் தலைநகரம் ஹெல்சிங்கி. ஜப்பான் நாட்டின் தலைநகரம் டோக்கியோ. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 7,800 கிலோ மீட்டர்.

இந்தத் தூரத்தை ஆகாய விமானம் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் கடந்து வந்தது. ஆனால், 2022-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதே பயணத்துக்கு 13 மணி நேரம் பிடித்தது.

ஊர்கள் நகர்ந்துவிட்டனவா? இல்லை. விமானத்தின் வேகம் குறைந்துவிட்டதா? அதுவும் இல்லை. வானத்தில் வேலி போட்டுவிட்டார்கள்!

குறுக்கு வழி

பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருக்கும். அதில் இந்த இரண்டு நகரங்களையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் ரஷியாவின் சைபீரியா மீது செல்லும். அதுதான் குறுக்கு வழி. விமானங்கள் அந்த வழியாகத்தான் பறந்தன.

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி ரஷியப் படை உக்ரைன் நாட்டுக்குள் புகுந்தது. அதைக் கண்டித்து, ஐரோப்பிய நாடுகள் ரஷிய விமானங்களுக்குத் தங்கள் வான்வழியை அடைத்தன. பதிலுக்கு ரஷியாவும் அந்த நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வழியை அடைத்தது.

குறுக்கு வழி போயிற்று. விமானம் நேர் வடக்கே சென்று, வடதுருவத்தின் மேல் பறந்து, அலாஸ்கா பக்கமாகத் திரும்பி டோக்கியோ போய்ச் சேர்ந்தது. தெற்கே இறங்கி, மத்திய ஆசியா வழியாகவும் போகலாம். எந்தப் பக்கம் போனாலும் சுற்று வழிதான்.

பழைய பாதை

இது புதிய பாதை அல்ல. 1983-ம் ஆண்டில் பின்லாந்தின் 'பின்ஏர்' நிறுவனம், இடையில் எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்கு விமானம் விட்டது. அப்போதும் வடதுருவ வழிதான். அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான்! அது பனிப்போர்க் காலம். சோவியத் யூனியன் தன் வான்வழியை எளிதில் திறந்துவிடவில்லை.

இடையில் 39 ஆண்டுகள் ஓடிவிட்டன. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் புது விமானங்கள் வந்தன. விஞ்ஞானம் வளர்ந்தது. ஆனாலும் பயணிகள் 1983-ம் ஆண்டின் பாதைக்கே திரும்பினார்கள்.

யார் தலையில்?

பங்காளிகள் இருவர் சண்டையிட்டு நடுவரப்பை அடைத்துவிட்டால், ஊரே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதே கதைதான் இது. மூன்றரை மணி நேரம் கூடுதலாகப் பறந்தால், பல டன் எரிபொருள் கூடுதலாக எரியும். அந்தச் செலவு கடைசியில் பயணியின் தலையில்தான் விழும். கைக்குழந்தையோடு செல்லும் தாய்க்கு அந்த மூன்றரை மணி நேரம் ஒரு யுகம்.

வீடு வாசலை இழந்து நிற்கும் உக்ரைன் மக்களின் துயரத்துக்கு முன்னால் இந்தக் கஷ்டம் மிகச் சிறியது. ஆயினும் ஒரு பாடம் இதில் இருக்கிறது. போர் நடக்கும் இடம் ஒன்று. அதன் சுமையைச் சுமப்பவர்களோ எங்கெங்கோ இருக்கிறார்கள்.

பனிப்போருக்குப் பிறகு சைபீரிய வழியைத் திறந்துவிட்டது எது? புது எஞ்சின் அல்ல. பகை தணிந்தது, வழி திறந்தது.

வேலியைப் போட்டவன் மனிதன். அதை எடுக்க வேண்டியவனும் அவனே.