கரிப் பட்டையும் ஏழை நோயாளியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து, 2023-ம் வருஷம் வெளியான கணக்குப்படி, இத்தேசத்தில் நீரிழிவு கண்டவர்கள் சுமார் 10 கோடி பேர். இவர்களில் இன்ஸுலின் குத்திக்கொள்ளுகிறவர்கள் தினம் பலமுறை விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரையின் அளவை அறிந்தாக வேண்டும். அளவறியாமல் மருந்தேற்றுவது உயிருக்கே அபாயம். சோதிக்கும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. சில சமயம் இனாமாகக்கூட வருகிறது. ஒரு தடவை உபயோகித்து எறியும் பட்டைக்குத்தான் நோயாளி ஆயுள் முழுவதும் பணங்கட்டி வருகிறான். விளக்கை இனாமாகக் கொடுத்து எண்ணெயில் லாபம் பார்க்கும் வியாபாரமன்றோ இது?

இப்பட்டையில் அப்படி என்ன இருக்கிறது? பலவற்றில் கரி! பள்ளிப் பிள்ளையின் பென்ஸிலில் உள்ள அதே கிராபைட்டு. அதன் பொடியை நீரில் கலவாத திரவத்துடன் பிசைந்து மின்வாயாக்கலாமென்று அமெரிக்க ரசாயன நிபுணர் ரால்ப் ஆடம்ஸ் 1958-ல் காட்டினார். நொதியை மின்வாயுடன் சேர்த்துச் சர்க்கரையை அளக்கும் யோசனையை 1962-ல் லேலண்டு கிளார்க் வெளியிட்டார். இன்று பல பட்டைகளில், கரிப்பொடியும் பசையும் கலந்த மையை, திருப்பூரில் பனியன்மீது சாயம் பதிப்பதுபோலத் திரை வைத்து அச்சிடுகிறார்கள். அதன்மேல் தடவிய நொதி ரத்தச் சர்க்கரையினின்று எலெக்ட்ரான்களைக் கவர்கிறது. இடையே தூதுபோகும் ஒரு ரசாயனம் அவற்றைக் கரியிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சிறு மின்னோட்டமே அளவாகத் தெரிகிறது.

ஒவ்வொரு பட்டையும் ஒரே மாதிரி அமையச் செய்வது கடினமான வேலை. அதற்குரிய கூலியை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் செய்த பட்டை மற்றொருவர் கருவியில் நுழையாதபடி செய்திருப்பதற்கு என்ன நியாயம்? ரசாயனம் வேறுபடுகிறது என்பார்கள். பட்டைகளின் தொகுதிக்குத் தொகுதி நேரும் வேறுபாட்டைக் கருவிக்குத் தெரிவிக்கக் குறியெண் இடும் வழக்கம் முன்பே இருந்ததல்லவா? அம்முறையைப் பொதுவாக்கட்டுமே.

1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாகக் கொள்முதல் செய்தால் மருந்து விலை எவ்வளவு இறங்குமென்பதைக் காட்டியிருக்கிறது. எந்தக் கருவியிலும் பொருந்தும் பட்டையையே வாங்குவோமென்று சென்னை ஸர்க்கார் தங்கள் டெண்டரில் ஒரு ஷரத்துச் சேர்க்க வேண்டும். இன்ஸுலின் பெறும் ஒவ்வொரு ஏழைக்கும், மருந்துடனேயே பட்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்குமாறு சட்டசபை அங்கத்தினர்கள் கேட்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.