எழுதுகோல் பிடித்த தோழி

மகாபாரதத்தை இயற்றத் திருவுள்ளம் கொண்ட வியாச பகவானுக்கும் எழுதுவதற்கு ஒருவர் தேவைப்பட்டார். அதற்காக அவர் விநாயகப் பெருமானை நாடினார். "இடையில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும்" என்றார் விநாயகர். "பொருளை உணர்ந்த பின்னரே எழுத வேண்டும்" என்றார் வியாசர். இருவரும் இசைந்தனர், காவியம் பிறந்தது. இல்லங்களில் பெரியோர் இக்கதையைச் சொல்லும்போது ஒடித்த தந்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள். குழந்தைகளும் அதையே ஆவலோடு கேட்பார்கள். கதையில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. வேதங்களை வகுத்த மகரிஷியும், "எனக்காக எழுத ஒரு கை வேண்டும்" என்று கேட்கத் தயங்கவில்லை. துணையை நாடுவது ஆற்றலுக்குக் குறைவு ஆகாது என்பது அதனால் விளங்குகிறது.

இந்த உண்மை சென்ற நூற்றாண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் ஒருமுறை நிகழ்ந்து காட்டியது. அங்கே சொன்னவர் இல்லறத்தில் இருந்த ஓர் இளம்பெண். எழுதியவர் அவருடைய தோழி.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் நீர்வளூரில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆண்டாளின் திருநாமமே அவருக்கு இடப்பட்டது. பேச்சு வரும் பருவத்துக்கு முன்பே தாயை இழந்தார். பாட்டியும் சிற்றப்பாவும் அவரை வளர்த்தனர். அக்கால வழக்கப்படி, ஆறு வயது நிரம்புவதற்குள் திருமணம் நடந்தது. மணமகனின் பெயர் பார்த்தசாரதி. புகுந்த ஊர் பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருவல்லிக்கேணி. பெயரும் ஊரும் அமைந்த இப்பொருத்தம் தற்செயலோ, திருவுள்ளமோ, பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது நினைவில் நிற்கிறது.

கோதைநாயகி பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. ஆயினும் கல்வி அவரை அடியோடு கைவிடவில்லை. சிற்றப்பா மூலம் தமிழும் திருவாய்மொழியும் கிட்டின. மாமியார் தெலுங்கு கற்றுக்கொடுத்தார். மருமகளை அடுப்படியோடு நிறுத்திவிடாமல் அருகில் அமர்த்தி எழுத்தறிவித்த மாமியார் அந்நாளில் அரியவர். கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். கண்ட நாடகங்களும் கேட்ட புராணங்களும் அவருடைய உள்ளத்தில் தங்கிக் கதைகளாக முளைத்தன. வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார்; கேட்டவர்கள் எழுந்து போக மாட்டார்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. நெஞ்சில் கதை பெருகியது. அதைத் தாளில் இறக்கும் எழுத்துப் பயிற்சி கைக்கு வரவில்லை. மனத்தில் ஓடும் வேகத்துக்குக் கை எழுத்தெழுத்தாகத் தடுமாறி நின்றது. இந்த இடத்தில் பலருடைய ஆசை நின்றுவிடும். "நமக்கு இதற்குக் கொடுப்பினை இல்லை" என்று தலையெழுத்தின்மீது பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். பக்தி உடையவர்களுக்கும் இந்தச் சோர்வு வருவதுண்டு. அப்போது சோர்வுக்குச் சரணாகதி என்று பெயர் சூட்டிக்கொள்வதும் உண்டு.

கோதைநாயகி அப்படிச் செய்யவில்லை. தோழி பட்டம்மாளிடம் தம் ஆசையைச் சொன்னார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான 'இந்திர மோகனா' என்ற நாடகம் 1924இல் அச்சேறியது. எழுதத் தெரியாதவர் என்று தம்மை எண்ணியிருந்தவரின் பெயர் ஒரு நூலின் முகப்பில் நின்றது. பின்னர் அந்தத் தோழியின் துணையாலேயே அவர் தம் கையால் எழுதவும் பழகிக்கொண்டார்.

வை.மு. என்னும் எழுத்துகள் 'வைத்தமாநிதி முடும்பை' என்ற குடும்பப் பெயரைக் குறிப்பவை. வைத்தமாநிதி என்பது திருக்கோளூர்ப் பெருமாளின் திருநாமம். அத்திருத்தலம் மதுரகவியாழ்வாரின் அவதாரத் தலம். நம்மாழ்வார் அருளிச்செய்ய, அவருடைய பாசுரங்களை மதுரகவிகள் ஏட்டில் எழுதி உலகுக்கு அளித்தார் என்பது வைணவப் பெரியோர் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. திருப்புளியமரத்தடியில் அந்தச் சீடர் வந்து நின்றிராவிட்டால் திருவாய்மொழி நமக்கு எவ்வாறு கிட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆழ்வாரோடு பிற்காலத்தவர் எவரையும் ஒப்பிடுவது தகாது. எனினும் அருள் பாயும் வாய்க்கால் ஒன்றே. சொல்பவர் ஒருவர், ஏந்திக்கொள்பவர் ஒருவர் என்ற முறையில்தான் பல நற்செயல்கள் நிறைவேறுகின்றன.

நாடகம் வெளிவந்த பின் கோதைநாயகி நாவல் எழுத முனைந்தார். முதல் நாவலுக்கு 'வைதேகி' என்று பெயரிட்டார். வனவாசமும் சிறைவாசமும் கண்டும் உறுதி குலையாத சீதாப் பிராட்டியின் திருநாமம் அது. அந்நாளில் புகழ்பெற்றிருந்த நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்கு ஊக்கம் அளித்தார். ஆயினும் நாவல் எழுதுவது ஒன்று. அது வாசகர் கைக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. குடும்பப் பெண் ஒருத்தி கதை எழுதித் தன் பெயரில் வெளியிடுவதைச் சமூகம் எளிதில் ஏற்கவில்லை. ஏளனம் செய்தவர்கள் உண்டு, தூற்றியவர்களும் உண்டு.

அப்போது 'ஜகன்மோகினி' என்ற மாத இதழ் நடக்க வழியின்றி நின்றுபோயிருந்தது. பிறர் கைவிட்ட அந்த இதழை 1925இல் கோதைநாயகி ஏற்று நடத்தலானார். அதிலேயே 'வைதேகி' தொடராக வந்தது. வாசகர்கள் பெருகினர். அடுத்த மாத இதழுக்காக மகளிர் காத்திருந்தனர். பள்ளிக்கூடம் செல்லாத பெண் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதை நடத்தினார். கதவு திறக்கவில்லை என்று வாசலிலேயே நின்றிருக்காமல், இடிந்து கிடந்த ஒரு வீட்டை எடுத்துக் கட்டிக் கதவும் வைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

சோதனைகள் அத்துடன் தீரவில்லை. காந்தியடிகளைச் சந்தித்த பின் பட்டையும் நகைகளையும் துறந்து கதர் உடுத்தினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் ஈடுபட்டார், சிறை சென்றார். அவர் சிறையிலிருந்த நாள்களில் கணவர் பார்த்தசாரதி இதழ் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டார். கோதைநாயகி சிறையிலும் எழுதினார். உடன் இருந்த பெண்களின் துயரங்களே அங்கு அவருக்குக் கதைப்பொருளாயின. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டு விழும் என்ற அச்சத்தால் மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். அச்சடிக்கத் தாள் கிடைப்பதும் அரிதாயிற்று. அப்போது அவர் பாடலாத்ரி நரசிம்மர் குடிகொண்ட சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தபடியே இதழை நடத்தினார்.

அவர் எழுதிய நாவல்கள் 115. மேடையில் பேசினார், இசையிலும் வல்லவர். இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, "நம்பிக்கையோடு உழைத்தார், எல்லாம் கிடைத்தது" என்று முடித்துவிடலாம். அப்படி முடிப்பது உண்மைக்குப் பொருந்தாது.

1956இல் அவருடைய மகன் ஸ்ரீநிவாசன் மறைந்தார். நூறு கதைகளில் எத்தனையோ தாய்மாரின் கண்ணீரைத் துடைத்து எழுதிய கைக்குத் தன் கண்ணீரைத் துடைக்க வலிமை இல்லாமற்போயிற்று. அந்தத் துயரம் அவர் உடலையும் வாட்டியது. காசநோய்க்கு ஆளாகி, தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய 'தயாநிதி' என்ற நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட 'சித்தி' என்ற திரைப்படம் 1966இல் வெளிவந்து மக்களின் பாராட்டைப் பெற்றது. அதைக் காண அவர் இல்லை.

"இவ்வளவு நல்லவருக்கு ஏன் இவ்வளவு துன்பம்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒருநாள் இது எழாமல் இராது. இதற்கு விடையைத் திருவல்லிக்கேணிப் பெருமாளின் திருமுகத்திலேயே காணலாம். அங்கே உற்சவ மூர்த்தியான பார்த்தசாரதியின் திருமுகத்தில் வடுக்கள் உள்ளன. பாரதப் போரில் பீஷ்மர் எய்த அம்புகள் பட்ட தழும்புகள் அவை என்பர். ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்களித்துத் தேரோட்டியாய் முன்னே அமர்ந்தவன், அர்ச்சுனனுக்கு வரும் அம்புகளைத் தன் முகத்தில் தாங்கினான். அடியவர் வாழ்வில் அம்பே வராது என்று அப்பெருமாள் எங்கும் உறுதி கூறவில்லை. அம்பு வரும் வேளையில் கூட இருப்பேன் என்பதைத் தன் திருமுகத்தாலேயே காட்டி நிற்கிறான். பக்தி துன்பத்தைத் தடுக்கும் வேலி என்று எண்ணுபவர் முதல் அடியிலேயே மனம் உடைவார். துன்பத்தினூடே செல்லும் தேருக்கு ஒரு சாரதி உண்டு என்று எண்ணுபவர், காயத்தோடும் கடமையைத் தொடர்வார்.

சாரதியின் பணி இன்னொன்றையும் உணர்த்துகிறது. வில் எடுத்துப் போரிட வேண்டியவன் அர்ச்சுனனே. அவனுக்குப் பதிலாகப் பகவான் போரிடவில்லை. கடிவாளத்தை மட்டும் பிடித்தான். கோதைநாயகியின் வாழ்விலும் கதையைச் சிந்திக்க வேண்டியவர் அவரே. ஆனால் கடிவாளம் பிடிக்கப் பலர் வந்தனர். திருவாய்மொழியை அறிமுகப்படுத்திய சிற்றப்பா, மொழி கற்பித்த மாமியார், எழுதுகோல் பிடித்த தோழி, இதழைக் காத்த கணவர் என அருள் மனித உருவங்களில் வந்து நின்றது. பிரார்த்தனைக்குப் பதில் வரவில்லை என்று வருந்துபவர், அண்டை வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டுபவரைச் சற்றுக் கூர்ந்து நோக்குவது நல்லது.

நம் இல்லங்களிலும் இத்தகைய ஆசையோடு ஒருவர் இருக்கக்கூடும். பள்ளிப் படிப்பு நின்றுபோன மருமகள், கணக்குப் பாடத்தில் தோற்றுப் பாட்டில் தேறும் பேரன், மனத்தில் ஆயிரம் கதைகள் இருந்தும் பார்வை மங்கியதால் எழுத முடியாத பாட்டி என அவர் யாராகவும் இருக்கலாம். அவர்களுக்காக ஆலயத்தில் அர்ச்சனை செய்வது நன்று. அர்ச்சனை முடித்து வீடு திரும்பியதும், நாள்தோறும் அரை மணி நேரம் அவர்கள் அருகில் அமர்ந்து, பாட்டி சொல்வதைத் தாளில் எழுதுவதும், மருமகளின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அடுப்பைத் தாம் பார்த்துக்கொள்வதும் அந்த அர்ச்சனையின் தொடர்ச்சியே.

ஆசை கொண்டவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இல்லாததை எண்ணி ஏங்குவதற்கு முன், இருப்பதைக் கொண்டு தொடங்க வேண்டும். எழுத்து வராவிட்டால் சொல்லலாம். இடம் கொடுப்பார் இல்லாவிட்டால் சிறியதாக ஓர் இடத்தை அமைத்துக்கொள்ளலாம். தனியே முடியாவிட்டால் வாய் திறந்து துணை கேட்கலாம். வியாச பகவான் விநாயகரிடம் கேட்டார்; கோதைநாயகி பட்டம்மாளிடம் கேட்டார். கேட்டவர்கள் எவரும் சிறுத்துப்போகவில்லை. கொடுத்தவர்களின் பெயரும் அவர்களோடு சேர்ந்தே நிலைத்திருக்கிறது.