மீன் துணை கேட்டதா?

வீட்டில் ஒற்றை மீனோடு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துப் பாருங்கள். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஐயோ பாவம், ஒண்டியா இருக்கே! துணைக்கு நாலு மீன் வாங்கி விடக்கூடாதா?" இந்தப் பரிதாபத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அநியாயமாகச் செத்த மீன்களில் பாதி இதனால் செத்தவை.

நம் வயதுக்காரர்கள் வீட்டில் தொட்டி எதற்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். தேவர்சோலையில் ஆடி மழை பிடித்தால் வாசல் தாண்ட முடியாது. ஏதாவது அசைவது கண்ணில் பட்டால் ஆறுதல். அதில் தப்பில்லை. ஆனால் தனிமை நமக்கு. மருந்தை மீனுக்குக் கொடுக்கிறோம்.

எதிர்த்த வீட்டு அண்ணன் வளர்ப்பது ஒரு ஏஞ்சல். பார்க்கச் சாதுதான், இருந்தாலும் அதுவும் சிக்லிட் குடும்பம், நாம் குழம்பு வைக்கும் ஜிலேபி மீனுக்கு உறவு. "இதோட நியான் டெட்ரா ஜம்முனு இருக்கும் சார்" என்று ஒரு கடைக்காரர் பத்து நியான்களைப் பையில் கட்டிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் மிஞ்சியது மூன்று. நியான் முழுதாக வளர்ந்தாலே மூன்று, நாலு சென்டிமீட்டர்தான். வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் அது போகும். போகிற அளவில் இருந்தால் சிக்லிட் விடாது. விற்றவருக்கு இது தெரியாதா என்ன? ஏழு செத்தால் இன்னும் ஏழு விற்கலாமே.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். துணைவனுக்கு அங்கே 'கொம்பாஞோன்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். இங்கே துணைவனே ரொட்டியாகிவிடுகிறான்.

நிறம் பார்த்துத் துணை தேடாதீர்கள். முதலில் வாயைப் பாருங்கள், இரு பக்கத்து வாயையும். டைகர் பார்ப் சின்ன மீன்தான், ஆனால் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்தே அதைக் கந்தலாக்கிவிடும். அடுத்தது தண்ணீர். நம் ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. அமேசானிலிருந்து வந்த ஏஞ்சலுக்கு அது ஒத்துக்கொள்ளும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிடுக்கு ஆகாது. அதற்குக் கடினத் தண்ணீர் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு 'சிக்லிட் கலெக்‌ஷன்' என்று பெருமைப்படுகிறவர்களை என்ன சொல்ல? தங்கமீன் கதையும் இப்படித்தான். அது குளிரைத் தாங்கும். ஏஞ்சலுக்கோ இந்த ஊர் மார்கழியில் ஹீட்டர் இல்லாமல் ஆகாது.

மூன்றாவது இடம். ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜன்னலோர நாற்காலிக்காரர் லீவில் போனபோது அதில் புதிதாக வந்தவர் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? சிக்லிடும் தன் கல், தன் மூலை என்று எல்லை போட்டுக்கொள்ளும். ஆகவே மற்ற மீன்களை முதலில் விட்டு, சிக்லிடைக் கடைசியில் விடுவதே முறை. அது ஏற்கெனவே குடியிருந்தால் கல், செடியெல்லாம் இடம் மாற்றி, விளக்கை அணைத்த பிறகு புதியவற்றை விடுங்கள். பழைய பட்டா செல்லாது என்று அதற்குப் புரியட்டும்.

துணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய தொட்டியில் ஏஞ்சலோடு அடித்தரையில் மேயும் கோரிடோராஸ் ஐந்தாறு நன்றாகவே வாழும். நம் நாட்டுச் சிக்லிடையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குச் சொந்தமானவை மூன்றே வகை. 2010-ல் கேரளம் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஒன்று. 1830-ல் எட்ரோப்ளஸ் என்று அதன் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் குவியே என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இன்னொன்று எட்டு சென்டிமீட்டர் வளரும் ஆரஞ்சு குரோமைட். இதன் குஞ்சுகள் கரிமீனின் உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும், கரிமீனும் அசையாமல் காட்டிக்கொண்டு நிற்கும். அதே குரோமைட், அசந்தால் கரிமீனின் முட்டையைத் தின்றுவிடும்! இதைத் தனியே வைப்பதுதான் கொடுமை. அதன் இனத்திலேயே ஐந்தாறு சேர்ந்திருந்தால் நிம்மதி.

'வாஸ்து மீன்' என்று தலையில் கட்டும் பிளவர்ஹார்ன் இதற்கு நேர்மாறு. 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய மீன் அது. அதோடு எதை விட்டாலும் சண்டை, அல்லது சாப்பாடு. அதைத் தனியே விடுவதுதான் தர்மம். ஆஸ்கரும் ஓரடிக்கு வளரும். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாகக் கப்பிகளோடு நீந்தும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

மளிகைக் கடைப் பாக்கெட்டில்கூட எடையும் தேதியும் போட வேண்டியிருக்கிறது. உயிரை விற்கிறவர் விலைக்குப் பக்கத்தில் "வளர்ந்தால் இத்தனை அங்குலம், இன்ன மீனோடு ஆகாது" என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஒட்டுகிற வரைக்கும் கூடலூருக்கு மீன் வாங்கப் போகிற பெரியவர்கள் பையைக் கையில் வாங்கும் முன் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.